பீங்கான் எறிந்து மெலிந்தவள்

பின்லாந்தில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு காடு இருக்கிறது. காடு என்றால் யானை வரும் காடு அல்ல. பேர்ச்சும் பைனும் நிற்கும், பாதை போட்டுப் பெயர்ப்பலகை வைத்த காடு. ஞாயிற்றுக்கிழமைகளில் வளர்ந்த மனிதர்கள், மீசை நரைத்தவர்களும் பிள்ளை பெற்றவர்களும், தோளில் பையோடு வந்து எதையோ தொலைத்தவர்களைப் போலப் பற்றைகளுக்குள் குனிந்து தேடுவார்கள். இடையிடையே இரும்புச் சங்கிலி குலுங்கும் சத்தம் கேட்கும். தம்பெரே நகருக்கு வந்த முதல் ஆறு வருடங்களும் இதைச் சமையலறை யன்னலால் பார்த்துக்கொண்டே கறி வைத்தேன். என்ன தேடுகிறீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்த நாட்டில் கேட்டால் மரியாதைக் குறைவு. இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் சாய்ந்தமருதில் கேட்காவிட்டால் மரியாதைக் குறைவு.

நான்கு வருடங்களுக்கு முன்னர் ஒரு வசந்தகால ஞாயிறு, அந்தக் காட்டுப் பாதையில் மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்தேன். ஏன் நடந்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். சங்கிலிகள் தொங்கும் ஓர் இரும்புக் கூடைக்கு ஒரு முழத் தூரத்தில் செம்மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று கிடந்தது. பிறர் பொருள் அமானிதம். கீழே கிடந்தால் உரியவர் கையில் சேர்க்க வேண்டும் என்று ஓதப்பள்ளியில் படித்தவள் நான். தூரத்தில் ஒரு பெண் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு எண்பது காலடி நடந்து போய், சிரித்த முகத்தோடு நீட்டினேன். அவள் கூடையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், என் முக்காட்டைப் பார்த்தாள்.

"உங்களுடையதா?" என்று எனக்குத் தெரிந்த பின்னிஷில் கேட்டேன்.

"ஓலி" என்றாள். 'இருந்தது' என்று பொருள்.

அந்த ஆண்டிலேயே அவள் எறிந்த மிகச் சிறந்த எறி அதுதான் என்பது பல மாதங்கள் கழித்தே எனக்குத் தெரிய வந்தது. எங்கள் ஊராக இருந்தால் ஏச்சு கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு அந்தத் தட்டை என் கையிலேயே திணித்து, கூடைப் பக்கம் விரலைக் காட்டி "ஹெய்தா" என்றாள். எறி. எறிந்தேன். ஐந்து காலடிக்கு அப்பால் நின்ற பேர்ச் மரத்தில் பட்டுத் திரும்பி என் காலடியிலேயே வந்து விழுந்தது. "இஹன் ஹுவா" என்றாள் அவள். பரவாயில்லை, நல்லதுதான் என்று அர்த்தம். என்னை நையாண்டி பண்ணுகிறாள் என்று நினைத்து எனக்குக் கோபம் ஏறிவிட்டது. உனக்குக் காட்டுகிறேன் பார் என்று அடுத்த ஞாயிறும் போனேன். கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்கும் பல் பிடுங்கியதற்கும் இந்த மக்கள் அதே 'இஹன் ஹுவா'வைத்தான் சொல்வார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவள் பெயர் மார்யா. நகரப் பேருந்து ஓட்டுகிறாள், என் வயதுதான். விளையாட்டின் பெயர் டிஸ்க் கோல்ஃப், குறைந்த எறிகளில் தட்டைக் கூடைக்குள் விழுத்த வேண்டும். ஒரு கோபத்தில் தொடங்கியது இன்றைக்கும் விடவில்லை.

நடந்த காரணத்துக்கு வருகிறேன். அந்த வசந்தத்தில் எனக்கு நாற்பத்தொரு வயது, தொண்ணூற்று நான்கு கிலோ. ஒரு பாலர் பள்ளியின் சமையலறையில் வேலை. சுகாதார நிலையத்துத் தாதி இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சீனி எல்லைக் கோட்டில் நிற்கிறது, இப்படியே போனால் இந்த வருடமே கோட்டைத் தாண்டும் என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கோட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று என் கண்ணால் கண்டவள் நான்.

எங்கள் உம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. முதலில் ஒரு விரலை வெட்டி எடுத்தார்கள், பிறகு இரண்டு, பிறகு முழங்காலுக்குக் கீழே. கடைசி நாட்களில் உம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டியது நானும் என் அக்காவும்தான். எங்கள் பக்கம் அக்காவைத் 'தாத்தா' என்போம். இந்தியாவில் இருந்து வாசிப்பவர்கள் கிழவர் ஒருவரை மனதில் கொண்டுவர வேண்டாம். ஹாஜறா தாத்தா என்னைவிட ஒன்பது வயது மூப்பு. உம்மாவின் கட்டை அவிழ்த்து மருந்து போடும்போது எனக்கு மயக்கம் வரும், தாத்தாவுக்கு வராது. வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு வந்து, நான்கு கரண்டி சீனி போட்ட பிளேன்ரீயோடு, பால் விடாத தேநீரோடு, இருவரும் விறாந்தையில் உட்காருவோம். உம்மாவுக்காக அழுதுகொண்டே அதைக் குடித்தோம். அந்தக் கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு எங்கள் மேல் ஆத்திரம்தான் வருகிறது.

தாதி என்னிடம் சோறு எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். கொஞ்சம் என்றேன். மனதறிந்து பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கணக்கில் அது கொஞ்சம்தான். கடதாசியில் வரைந்து காட்டச் சொன்னாள். வரைந்தேன். "இது குடும்பத்துக்கா?" என்றாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் 'லவுத்தஸ்மல்லி' என்று ஒரு படம் தந்தாள், இந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் காட்டும் படம். வட்டமான பீங்கான், அதாவது சாப்பாட்டுத் தட்டு, நடுவே ஒரு கோடு. அரைவாசிக்கு மரக்கறி. மற்ற அரைவாசியை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் மீன், ஒரு பக்கம் சோறோ கிழங்கோ. தேங்காய்ப்பாலையும் விட்டுவிடுங்கள் என்றாள். அதோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. என் உம்மாவின் காலைத் தின்றது தேங்காய்ப்பால் இல்லை, சீனியும் சோற்று மலையும்தான். அவை இரண்டையும் விடுகிறேன், தேங்காயில் கை வைக்காதீர்கள் என்றேன். அவள் கணினியில் எதையோ தட்டினாள். பேரம் பேசும் நோயாளி என்று எழுதியிருக்கக்கூடும்.

ஆனாலும் அந்தப் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். பின்னிஷ்காரர் உப்புப் புளி இல்லாமல் தின்பதையெல்லாம் என்னால் தின்ன முடியாது. லெஹ்திகாலி என்று சுருட்டை இலைக் கீரை ஒன்று விற்கிறார்கள். அதை மெல்லிசாக அரிந்து தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டினால் முருங்கையிலை தோற்றுப்போகும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பக்கத்தில் உட்காரும். முய்க்கு என்னும் ஏரி மீனைப் புளிவிட்டு ஆணம் வைத்தேன், அது எங்கள் பக்கத்துக் குழம்பு. சோறு உள்ளங்கை அளவு. வெள்ளைப் பாணை விட்டுக் கறுத்த ரை மாப் பாணான ருயிஸ்லெய்பாவுக்கு மாறினேன். அதற்குக் குரக்கன் (கேழ்வரகு) ரொட்டியின் கைப்பு இருக்கிறது. எல்லாவற்றிலும் கஷ்டம் பிளேன்ரீதான். சீனியை நிறுத்திய முதல் கிழமை வீட்டில் எல்லோருடனும் சண்டை. என் கணவர் நியாஸ், ஒலுவில் கம்பஸில் படித்து இங்கே மேற்படிப்புக்கு வந்து வேலையோடு தங்கிவிட்டவர், சமாதானப் பிரியர். "ஒரு கரண்டி போடன் புள்ள, நாங்களும் உயிரோட இரிக்கணுமே" என்று கெஞ்சினார். போடவில்லை.

ஞாயிறு தோறும் பதினெட்டுக் கூடை. எறிவது ஒரு நொடி, நடப்பது நூறு காலடி. எறி கோணலாகப் போனால் இருநூறு. என்னைப் போல் எறிகிறவளுக்கு ஆறு கிலோமீற்றர் பாதை ஒன்பதாகும். மோசமாக விளையாடுகிறவனுக்குத்தான் இந்த விளையாட்டு அதிக நன்மை செய்கிறது. பனிக்காலத்தில் தட்டின் அடியில் சிவப்பு நாடா ஒட்டி எறிவோம், பனிக்குள் புதைந்தாலும் வால் வெளியே தெரியும். மார்யா அரை நாளுக்கு நாலு வார்த்தை பேசுவாள். முதலில் என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். ஒரு நாள் கேட்டும்விட்டேன். அவள், "பிடிக்காதவர்களோடுதான் பேச வேண்டியிருக்கும்" என்றாள். எங்கள் நாட்டுப் பெண்ணொருத்தி, பெயர் வேண்டாம், காட்டுக்குள் வெள்ளைக்காரியோடு இது என்ன கூத்து, வெட்கம் வேண்டாமா என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள். முக்காட்டோடும் நீளச் சட்டையோடும்தான் எறிகிறேன், அல்லாஹ் பார்க்கிறான், அவன் பார்ப்பது போதும், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்று பதில் அனுப்பினேன். மூன்று வருடத்தில் இருபத்து மூன்று கிலோ இறங்கியது. சீனி கோட்டுக்கு உள்ளே திரும்பி வந்தது. தாதி கைலாகு கொடுத்தாள். தேங்காய்ப்பாலைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இந்த வெற்றியோடுதான் போன வருடம் ஊருக்குப் போனேன். காக்காவின், எங்கள் அண்ணனின், மகளுக்குக் கலியாணம். நியாஸுக்கு லீவு கிடைக்கவில்லை, தனியாகப் போனேன். அது முதல் தவறு. வாசலில் வந்து இறங்கியதும் ஹாஜறா தாத்தா என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"யா அல்லாஹ்! என்னடி இது கோலம்? என்ன வருத்தம் புள்ள உனக்கு?"

"ஒரு வருத்தமும் இல்ல தாத்தா. மெலிஞ்சிருக்கன்."

"வருத்தம் இல்லாம யாரும் மெலிவாங்களா? மறைக்காத, என்னட்டயாவது சொல்லு."

எங்கள் ஊரில் உடம்பு வைத்திருப்பது நல்ல சீவியத்துக்கு அத்தாட்சி. வெளிநாட்டுக்குப் போனவள் கொழுத்து வர வேண்டும். மெலிந்து வந்தால் இரண்டே காரணம்தான், ஒன்று நோய், மற்றது புருஷன். இரண்டு நாளைக்குள் எனக்குப் புற்றுநோய் என்று ஒரு தெருவிலும், நியாஸ் விட்டுவிட்டான் என்று அடுத்த தெருவிலும் கதை. ஒருவர் ஓதி ஊதிய தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்தார். இன்னொருவர் தயிரும் சீனியுமாகப் பெரிய முட்டி. போதாக்குறைக்கு, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று, நான் காட்டில் தட்டெறியும் வீடியோவைத் தாத்தாவுக்குக் காட்டினேன். தாத்தா அதை இரண்டு தரம் பார்த்தாள்.

"பீங்கான் எறிஞ்சா மெலிஞ்சாய்?"

"ஓம்."

"இத வெளியில கதைக்காத. புற்றுநோய் எண்டே இரிக்கட்டும்."

நான் கதைத்தேன். கேட்டவரிடமெல்லாம் கதைத்தேன். என் கால் என்னோடு இருக்க வேண்டும் என்றுதான் நடந்தேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். உண்மையில் அந்த நாட்களில் நான் தலைகீழாய் நடந்தாலும் என்னை அசைக்க முடியாது என்ற நினைப்பில் இருந்தேன்.

நிக்காஹ் அன்று பகல் சகன் சாப்பாடு. வெளியூரார் அறியச் சொல்கிறேன்: சகன் என்பது பெரிய வட்டத் தட்டு. நடுவே நெய்ச்சோறு குவித்து, மேலே கோழியும் மாட்டிறைச்சியும் வைத்து, மூடி போட்டு வரும். ஆறு பேர் பாயில் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவோம். அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் எடுக்க வேண்டும். நல்ல துண்டைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். மிச்சம் வைக்கக் கூடாது. அதுவும் கலியாண வீட்டாரின் சகனில் சோறு மிஞ்சினால், சமையல் சரியில்லை என்று நாமே சொன்ன மாதிரி. பெண்கள் பக்கத்தில் தாத்தாவும் நானும் நான்கு விருந்தாளிகளும் ஒரு சகனுக்கு உட்கார்ந்தோம். நான் பிஸ்மி சொல்லிவிட்டு, என் முன்னால் இருந்த சோற்றில் ஆள்காட்டி விரலால் ஒரு கோடு கீறினேன். இந்தப் பக்கம் என்னுடையது, இவ்வளவுதான். மூன்று வருடமாக என் வீட்டுப் பீங்கானில் செய்து பழகியது, கை தானாகச் செய்துவிட்டது.

ஐந்து கைகளும் அந்தரத்தில் நின்றன. தாத்தா என் விரலைப் பார்த்தாள்.

"சோத்துக்குள்ள வரம்பு கட்டுறா பாருங்க" என்றாள் விருந்தாளிகளைப் பார்த்து, சிரிப்பது போல. "வெளிநாட்டுல காணி பிரிச்சிப் பழகிட்டா."

அவர்களும் சிரித்தார்கள். தாத்தாவின் காதோரம் சிவந்திருந்ததை நான் கண்டேன். ஒரே தட்டில் உட்கார்ந்துவிட்டுப் பாகம் பிரிப்பது, உன்னோடு எனக்குச் சேர்மானம் இல்லை என்று சொல்வதற்குச் சமம். தெரிந்தும் நான் கையை இழுக்கவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்ததைச் சாப்பிட்டேன், ஒரு கோழித் துண்டு எடுத்தேன், கையை மடக்கிக்கொண்டேன். கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வந்தது, தொடவில்லை. விருந்தாளிகளும் கொஞ்ச நேரத்தில் போதும் என்று கை கழுவ எழும்பினார்கள். சகனில் நான் ஒதுக்கிவிட்ட பங்கு மலை மாதிரி இருந்தது. தாத்தா அதைத் தன் பக்கம் இழுத்து, கடைசிச் சோறு வரைக்கும் சாப்பிட்டு முடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை பத்து மணியாகியும் தாத்தா அறையை விட்டு வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், உதடு காய்ந்து, தண்ணீர் மேல் தண்ணீர் குடித்துக்கொண்டு. வீட்டுக்குள் காலுறை போட்டிருந்தாள். எங்கள் கடற்கரை ஊர் வெயிலில் யார் வீட்டுக்குள் காலுறை போடுவார்கள்? நான் குனிந்ததும் காலை இழுத்தாள். நான் விடவில்லை. காலுறையைக் கழற்றினேன். இடது காலின் சின்ன விரலில் பிளாஸ்டர். அதை உரிப்பதற்கு முன்பே மணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. உம்மாவின் அறை மணம்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசம் இரிக்கும். செருப்புக் கடிச்ச காயம்."

"தாத்தா, உங்களுக்குச் சீனி எத்தின வருஷமா?"

அவள் யன்னலைப் பார்த்தாள். "நீ பயப்பிடுவாய் எண்டுதான் சொல்லல்ல" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் அவளை ஏசத் தொடங்கினேன். உம்மாவைத் தூக்கின கைதானே இது, மருந்து போட்ட கைதானே, அத்தனையையும் பார்த்துவிட்டு நேற்று அவ்வளவு சோற்றையும் தின்றீர்களே, பைத்தியமா என்று கத்தினேன். எங்கள் வாப்பா மாவடிப்பள்ளி வயற்கண்டத்தில் வேளாண்மை செய்தவர். தாத்தா வரம்பில் வளர்ந்தவள். அவள் சொன்ன பதில் இது:

"நீ வரம்பு கட்டிட்டாய் புள்ள. கட்டினவளுக்கு வயல் காஞ்சி நல்லாத்தான் இரிக்கும். மறிச்ச தண்ணி எங்க போகும் எண்டு பாத்தியா? எல்லாம் என்ட வயலுக்குத்தான் வந்த. சகன்ல மிச்சம் வச்சி எழும்பி, காக்காட வீட்ட நாலு பேர் கதைக்க விடச் சொல்றியா?"

பின்லாந்துப் படத்தில் ஒரு பீங்கானுக்கு ஒரு ஆள்தான். அதில் குறைப்பது என் விருப்பம், யாருக்கும் நட்டமில்லை. சகனில் நான் குறைத்தது என் அக்காவின் இரத்தத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. எதிர்த்து நின்றேன் என்று நான் பெருமைப்பட்ட அந்த அரை மணி நேரத்துக்குரிய விலையை அவள் கொடுத்திருக்கிறாள். நான் செய்தது பிழை. அதைச் சொல்லவும் செய்தேன். சொல்லிவிட்டு, அவள் மறுக்க மறுக்க ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டொக்டர் காயத்தைத் துப்புரவாக்கிக் கட்டி, மருந்து தந்து, மூன்று நாளில் வரச் சொன்னார். விரல் தப்புவது சந்தேகம், கால் தப்ப வேண்டுமானால் இனிச் சீனி ஏறக்கூடாது என்றார். தாத்தா தலையாட்டினாள். வெளியே வந்ததும் கேட்டாள்: "நாளைக்கு வலீமாவுக்குப் போகலாம்தானே?"

மாப்பிள்ளை வீடு மாவடிப்பள்ளி. அவர்கள் கொடுக்கும் வலீமா விருந்துக்குப் போகாமல் விட்டால் பெண் வீட்டாருக்குள் பிணக்கு என்று ஊர் முடிவு கட்டிவிடும். போனால் சகன். தனிப் பீங்கானில் சாப்பிடுங்கள் என்றால் தாத்தா கேட்கமாட்டாள், அது நோயாளிக்குச் செய்வது. காலை நீட்டி வைத்துக்கொள்ளத் தலையணையையும் எடுத்துக்கொண்டு போனோம். ஓட்டோ வயல்களுக்கு நடுவே போகும்போது எனக்கு ஒரே யோசனை. சோற்றைக் குறைக்க முடியாது. கோடு போட முடியாது. மிச்சம் வைக்கவும் முடியாது. அப்படியானால் மீதி இருப்பது ஒன்றுதான்.

பாயில் உட்கார்ந்ததும், எங்கள் ஆறு பேருக்கு இடையில் இடம் விட்டு, அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இருத்தினேன். பிறகு இன்னொருத்தி. பிறகு அவளுடைய மாமி. ஒன்பது பேர். பந்தி விசாரித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் சாச்சி, அவருடைய சின்னம்மா, பதறி ஓடி வந்தார்.

"ஒரு சகனுக்கு ஆறு பேருதான். எண்ணித்தான் போட்டிருக்கம். என்னத்துக்கு நெருக்கிக்கிட்டு? சோறு காணாமப் பொண்ணு வீட்டார அடுக்கி இருத்தின எண்டு ஊரு கதைக்கும். எழும்புங்க, அங்கால நாலு சகன் சும்மா இரிக்கி."

அவர் சொன்னதும் நியாயம்தான். இன்னொரு வீட்டின் மானத்தில் கை வைக்க நான் வரவில்லை. ஆகவே, பந்தி முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"சாச்சி, உங்கட சோத்துல ஒரு குறையும் இல்ல. குறை எங்கட ரெத்தத்துல. என்ட உம்மா சீனியிலதான் மௌத்தான. எனக்கும் வர இருந்த, வரவிடாம நடந்து மெலிஞ்சன். புற்றுநோயும் இல்ல, புருஷன் விடவும் இல்ல. இந்தச் சகன்ல சீனி இல்லாத ஆக்கள் யாரு? கைய உசத்துங்க பாப்பம். உசத்தினா மத்தச் சகனுக்கு எழும்பிப் போறம்."

தாத்தா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அடையாளம் இன்னும் மனதில் இருக்கிறது. ஒரு கையும் உயரவில்லை. நான் கடைசியாகப் பிடித்து இருத்திய மாமி, தன் கைப்பைக்குள் கையை விட்டு மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துப் பாயில் போட்டார். "நான் சகனுக்கு முன்னால ஒளிச்சி ஒண்டு போடுற" என்றார். பக்கத்தில் இருந்தவள் சிரித்துக்கொண்டே தன்னுடையதை எடுத்தாள். அடுத்த சகனில் இருந்து ஒருத்தி, "இஞ்சயும் இரிக்கி, நாங்களும் ஆள் கூட்டட்டா?" என்று கேட்டாள். சாச்சி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். பிறகு, "சேந்து திண்டா அல்லாஹ்ட பரக்கத்துத்தான். நகருங்க" என்று சொல்லித் தானும் பத்தாவது ஆளாக எங்கள் வட்டத்துக்குள் உட்கார்ந்தார்.

பத்துத் தோளும் ஒன்றோடொன்று இடிபட, ஒரு கை உள்ளே போனால் ஒரு கை வெளியே வர வேண்டியிருந்தது. தாத்தாவுக்குக் கிடைத்தது நான்கு பிடி சோறும் ஒரு துண்டு இறைச்சியும். அதையும் யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. சகன் துடைத்தாற்போல் காலியானது. ஒரு மானமும் போகவில்லை. கிலோக் கணக்குப் பார்த்துப் பழகிய நான், அன்றைக்குச் சாப்பிட்டதைக் கணக்குப் பார்க்க மறந்துபோனேன்.

விரல் தப்பவில்லை. நான் லீவை நீட்டித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். எடுத்த அன்று தாத்தா அழுதாள், நானும் அழுதேன், அதற்குப் பிறகு குடித்த பிளேன்ரீயில் சீனி இல்லை. கால் தப்பியது. காயம் ஆற ஐந்து மாதம் எடுத்தது. டொக்டர் நடக்கலாம் என்று சொன்ன நாளில் தாத்தா எனக்கு அழைப்பெடுத்தாள். நான் ஆறுதல் சொல்லத் தொடங்கும் முன்னமே அவள் தொடங்கிவிட்டாள்: "நான் ஒம்பது விரலோட நடக்கிறன், நீ பத்தோட நடக்கிறாய். பாப்பம் யாரு முந்துற எண்டு." வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் வீட்டில் வீம்புக்கு நான் மட்டும் வாரிசு இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், ஊரில் பின்னேர அஸர் தொழுகை முடிகிற நேரம், எனக்குப் பகல் இரண்டு மணி. தாத்தா கனத்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சாய்ந்தமருதுக் கடற்கரையில் நடப்பாள். மாத்திரை அட்டையைப் பாயில் போட்ட அந்த மாமி உட்பட அவளோடு ஏழு பேர் நடக்கிறார்கள். ஆம்பிளைகள் பார்க்கிறார்களாம், பார்த்துவிட்டுத் தங்கள் பெண்சாதிகளையும் அனுப்பட்டும் என்கிறாள். நான் அவளோடு தொலைபேசி அழைப்பில், ஒரு காதில் மட்டும் கேட்பானைச் செருகிக்கொண்டு காட்டில் இருப்பேன். அந்தக் காதில் கடல் இரைகிறது, தாத்தா மூச்சு வாங்குகிறாள், யாரோ யாரையோ ஏசுகிறார்கள். மற்றக் காதைத் திறந்தே வைத்திருக்கிறேன், பின்னால் நிற்கிறவர்கள் கூப்பிட்டால் கேட்க வேண்டும்.

போன ஞாயிறு காற்று அதிகம். கையில் தட்டோடு காற்றடங்கக் காத்து நின்றேன். என் காலடிச் சத்தம் நின்றதைத் தாத்தா தொலைபேசியிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "ஏன்டி நிண்டுட்டாய்? நட" என்று அதட்டினாள். அதே நேரம் மற்றக் காதில் மார்யா, "சினுன் வுவோரோ" என்றாள். உன் முறை என்று அர்த்தம்.

"ஓம்" என்றேன், இரண்டு பேருக்கும் சேர்த்து. தாத்தாவுக்கு விளங்கியது. மார்யாவும் தலையாட்டினாள்.